அறை கொடுத்தார்கள், நாற்காலி கொடுக்கவில்லை

மருத்துவத்தைப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு படித்துவிட முடியாது. வார்டில், நோயாளியின் படுக்கை அருகே நின்று கற்றால்தான் மாணவி மருத்துவராகிறாள். பெண்களை இத்தொழிலிலிருந்து விலக்கி வைக்க விரும்பியவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். 1874இல் சோபியா ஜெக்ஸ்-பிளேக்கின் முயற்சியால் லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. ஆனால் மாணவர்களுக்குப் பயிற்சி தந்துவந்த பெரிய மருத்துவமனைகள் எதுவும் இந்த மாணவிகளை உள்ளே விடவில்லை. 1877இல் ராயல் ஃப்ரீ மருத்துவமனை மட்டும் சம்மதித்தது. நம் ருக்மாபாய் இங்கிலாந்து சென்று மருத்துவம் படித்ததும் இந்தப் பள்ளியில்தான்.

அவர் காலத்தில் அங்கே படித்த இன்னொரு பெண் ஃபுளோரன்ஸ் ஸ்டோனி. 1870இல் டப்ளினில் பிறந்தவர். அவருடைய தந்தை, எலெக்ட்ரானுக்கு அந்தப் பெயரைச் சூட்டிய இயற்பியலாளர் ஜார்ஜ் ஜான்ஸ்டோன் ஸ்டோனி. அக்கா ஈடித் 1893இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் உயர்ந்த இடம் பெற்றார். பெண் என்பதால் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் தரவில்லை. பிறகு அவர் லண்டன் மருத்துவப் பள்ளியில் மாணவிகளுக்கு இயற்பியல் கற்பித்தார். ஃபுளோரன்ஸ் 1895இல் மருத்துவப் பட்டமும் 1898இல் எம்.டி.யும் பெற்று, அதே பள்ளியில் உடற்கூறியல் கற்றுக்கொடுத்தார்.

1895ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியில் ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அது புத்தம்புதிய துறை. அதற்குப் பாடத்திட்டம் இல்லை, தேர்வு இல்லை, மூத்த பேராசிரியர்களும் இல்லை. கேம்பிரிட்ஜில் இதற்கென ஒரு பட்டயத் தேர்வு வர இன்னும் கால் நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது. காவல் காக்க ஆள் வருவதற்கு முன் திறந்துகிடந்த வாசல் என்று இதைச் சொல்லலாம். தங்கைக்கு உடலைத் தெரியும், அக்காவுக்கு மின்சாரம் தெரியும். இருவரும் சேர்ந்து 1902இல் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவை அமைத்தார்கள். பிரிட்டனின் முதல் பெண் கதிரியக்க மருத்துவர் என்று ஃபுளோரன்ஸை இன்று குறிப்பிடுகிறார்கள்.

ஆனால் அந்தப் பிரிவில் அவருக்கு என்ன இடம் கிடைத்தது? எடுத்த படத் தட்டுகளைக் கழுவ வசதி போதாமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மருத்துவமனையின் மருத்துவர் குழுவில் அவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. பிரிவை எப்படி நடத்துவது என்ற முடிவுகளிலும் அவர் பேச்சு எடுபடவில்லை. பெண்களுக்குக் கதவு திறந்த ஒரே மருத்துவமனையிலும் இதுதான் நிலை. உழைக்க ஓர் அறை உண்டு, முடிவெடுக்கும் மேசையில் நாற்காலி இல்லை. சில ஆண்டுகளில் அவர் அங்கிருந்து விலகித் தனியாகத் தொழில் நடத்தத் தொடங்கினார்.

1914இல் போர் மூண்டதும் சகோதரிகள் தங்கள் சேவையைத் தர முன்வந்தார்கள். பெண்கள் என்பதால் மறுக்கப்பட்டார்கள். ஃபுளோரன்ஸ் காத்திருக்கவில்லை. பெண்களே அமைத்த மருத்துவக் குழுவுடன் ஆன்ட்வெர்ப் சென்றார். குண்டுமழைக்கு நடுவே வேலை செய்தார். பின்னர் பிரான்சின் ஷெர்பூர் நகரில், காயத்துக்குள் கிடக்கும் குண்டுச் சிதறல்களையும் உயிரற்றுப்போன எலும்புத் துண்டுகளையும் படத்தில் இனம் கண்டு அறுவை மருத்துவருக்குச் சொன்னார். அந்த அனுபவம் வந்த பிறகுதான், 1915இல் லண்டன் ஃபுல்ஹாம் ராணுவ மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவை அரசு அவரிடம் ஒப்படைத்தது. ஈடித்தும் பிரான்சிலும் சலோனிகாவிலும் போர்முனை மருத்துவமனைகளில் எக்ஸ்ரே கருவிகளை இயக்கினார்.

இந்த வேலைக்கு உடலும் விலை கொடுத்தது. ஆரம்ப கால எக்ஸ்ரே குழாய்களுக்குப் போதிய கவசம் கிடையாது. ஃபுளோரன்ஸின் இடக்கைத் தோல் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டது. முதுகெலும்பு நோயால் நெடுநாள் வலியில் கிடந்து 1932இல் அவர் இறந்தார்.

போர்க்காலத்தில் ஆண்கள் படைக்குப் போனதால் லண்டனின் வேறு சில மருத்துவப் பள்ளிகளும் பெண்களைச் சேர்த்துக்கொண்டன. ஆண்கள் திரும்பி வந்ததும், 1920களில் அவற்றில் பல மீண்டும் கதவைச் சாத்தின. பெண்கள் திறமையை நிரூபித்துக் காட்டினால் கதவு தானாகத் திறக்கும் என்று நமக்கு அடிக்கடி சொல்லப்படுகிறது. இவர்கள் நிரூபித்துக் காட்டினார்கள், கதவு மூடியது. 1944இல் குட்இனஃப் குழு, நியாயமான விகிதத்தில் பெண்களைச் சேர்க்கும் பள்ளிகளுக்கே அரசு மானியம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிடிவாதமாக இருந்த பள்ளிகளும் இறங்கிவந்தன. பணம் நின்றுவிடும் என்ற நிலை வந்தபோது, மரபு என்று அவர்கள் சொல்லிவந்தது நிற்கவில்லை.

இன்று ரேடியாலஜி மேற்படிப்பில் சேரும் மாணவிக்கு அறையும் கருவியும் கவசமும் கிடைக்கின்றன. பணி நேரத்தையும் பதவி உயர்வையும், கர்ப்ப காலத்தில் யார் எந்த அறையில் நிற்பது என்பதையும் எந்த மேசையில் முடிவு செய்கிறார்கள், அங்கே எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவள் விசாரிக்க வேண்டும். ஃபுளோரன்ஸ் ஸ்டோனிக்கு ராயல் ஃப்ரீயில் கிடைக்காமல் போனது அந்த மேசையில் ஓர் இடம்தான்.