சிற்றறையும் சிற்றலையும்: ஜகதீச சந்திர போஸின் நுண்ணலை ஆய்வு

ஜகதீச சந்திர போஸைப் (1858–1937) பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு செய்திகளையே மீண்டும் மீண்டும் சொல்கின்றன. ஒன்று, தாவர உணர்வை ஆராய்ந்தவர் என்பது. மற்றொன்று, மார்க்கோனிக்கு முந்தியவர் என்பது. இரண்டாவது செய்தி போஸின் இயற்பியலைப் பிறரது அளவுகோலால் அளக்கிறது. 1894இல் அவர் தொடங்கிய ஆய்வின் முதன்மை நோக்கம் தகவல் அனுப்புவதன்று; மின்காந்த அலையும் ஒளியும் ஓரியல்பின என்பதைச் சோதனையால் காட்டுவதே. அந்த ஆய்வின் வடிவத்தை அவருடைய ஆசிரியப் பணியும் சூழலும் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் கருத்து.

கல்கத்தா புனித சேவியர் கல்லூரியில் செய்முறை விளக்கங்களோடு பாடம் நடத்திய பாதிரியார் லஃபோனிடமும், கேம்பிரிட்ஜில் இராலே பிரபுவிடமும் போஸ் பயின்றார். 1885இல் மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானபோது, ஐரோப்பியருக்குரிய ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. தற்காலிகப் பணி என்பதால் அதிலும் பாதிதான். மூன்றாண்டுகள் ஊதியத்தைத் தொடாமலே அவர் பாடம் நடத்தினார். ஆய்வுக்கூடமாகக் கிடைத்தது குளியலறையை ஒட்டிய ஒரு சிற்றறை. கருவிகளைச் செய்துதந்தவர் உள்ளூர்த் தகரக்கொல்லர்.

இவ்விடத்தில் அலைநீளம் முக்கியமாகிறது. 1888இல் ஹெர்ட்ஸ் தம் ஒளியியற் சோதனைகளில் கையாண்ட அலையின் நீளம் ஏறத்தாழ 66 செ.மீ. அதை விலகச் செய்ய அவர் கீல் கொண்டு வார்த்த முப்பட்டகம் அரை டன்னுக்கும் மேற்பட்ட எடையுடையது. கருவி அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரிதாக இல்லாவிடில் விளிம்பு விளைவு விலகலை மறைத்துவிடும். சிற்றறையிலும் வகுப்பறை மேசையிலும் அத்தகைய கருவிக்கு இடமில்லை. போஸ் அலையைச் சுருக்கினார்: 5 மி.மீ. அளவுவரை, அதாவது இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ். முழு அமைப்பும் ஒரு மேசையில் அடங்கிற்று.

கருவிகளின் எளிமை வியப்பளிப்பது. கந்தகத்தின் ஒளிவிலகல் எண்ணை முழு அகப் பிரதிபலிப்பு வழியே அளந்தார். தாள்களுக்கிடையே ஈயத்தகடு செருகிய இரயில் காலஅட்டவணை நூல் முனைவாக்கியாயிற்று. முறுக்கிய சணல் நாரின் வழியே அலையின் முனைவாக்கத் தளம் திரும்புவதை 1898இல் காட்டினார். சர்க்கரைக் கரைசல் ஒளித்தளத்தைத் திருப்புவதற்கு வங்காளத்துச் சணல் மாதிரியாயிற்று. சிதறும் கதிர் அளவீட்டைக் குலைக்காதிருக்க அலையைக் குழாயினுள் செலுத்தி, கூம்புப் புனலால் ஏற்றார். 1897 ஜனவரி 29 அன்று இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் நிகழ்த்திய மாலைச் சொற்பொழிவில் இக்கருவிகளே மேசையில் இயங்கின.

அலையேற்பி தொடர்ந்து தூண்டப்பட்டால் சோர்வதையும், ஓய்வுக்குப்பின் மீள்வதையும் கண்டதே அவரை உயிரற்றவற்றின் துலங்கலுக்கும், அதன்வழித் தாவரங்களுக்கும் இட்டுச்சென்றது. ஆக, நுண்ணலையைக் கைவிட்டார் என்பதைவிட அதன் ஏற்பியைப் பின்தொடர்ந்தார் என்பதே பொருந்தும். கலீனா ஏற்பிக்கான அமெரிக்கக் காப்புரிமை 1904இல் கிடைத்தது. அதை ஈட்டியது நண்பர்களின் வற்புறுத்தல் எனலாம். 1915இல் அவர் ஓய்வுபெறுமுன் அவரிடம் பயின்றவர்களுள் மேகநாத சாகாவும் சத்தியேந்திரநாத் போஸும் அடங்குவர். குழாய்வழி அலைப்பரவல் மீண்டும் தீவிர ஆய்வுக்கு வந்தது 1930களில், அமெரிக்காவில், சவுத்வொர்த்தும் பாரோவும் தனித்தனியே அதைக் கையிலெடுத்தபோதுதான்.