கொடுத்ததைத் திரும்ப எடுக்கும் மின்சாரம்

மின்கல அடுக்கைக் கண்டுபிடித்த இத்தாலியர் வோல்டா, அதன் இரு முனைகளையும் தம் இரு காதுகளுக்குள் வைத்துப் பார்த்தார். தலைக்குள் ஓர் அதிர்ச்சி; தொடர்ந்து, கெட்டியான குழம்பு கொதிப்பது போன்ற சத்தம். மூளைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று அஞ்சிச் சோதனையைக் கைவிட்ட விவரத்தை, 1800இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்திலேயே சொல்லியிருக்கிறார். அந்தப் பயம் நியாயமானது. மின்சாரம் நரம்பை எழுப்பும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. கெடுக்காமல் எழுப்பும் வழி தெரியத்தான் ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

மின்னோட்டம் ஒரே திசையில் பாய்ந்துகொண்டிருந்தால், உலோக முனையைச் சுற்றியுள்ள உடல்நீரில் வேதிமாற்றம் நடக்கும். அமிலமும் காரமும் உண்டாகித் திசு அழியும். 1955இல் அமெரிக்காவின் ஜான் லில்லி இதற்கு விடை கண்டார். மிகக் குறுகிய ஒரு துடிப்பு. அடுத்த கணமே, கொடுத்த மின்னூட்டத்தை அதே அளவில் எதிர்த்திசையில் இழுத்துக்கொள்ளும் மறு துடிப்பு. முதல் துடிப்பிலேயே நரம்பு விழித்துக்கொள்ளும். மறு துடிப்பு, கேடு நிலைபெறும் முன்பே அதைத் தடுத்துவிடும். உடலுக்குள் பொருத்தும் மின்கருவிகளின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்பேன்.

1957இல் பாரீசில் ஜுர்னோவும் எரியேயும் காது கேளாத ஒருவரின் செவி நரம்பில் மின்கம்பியைப் பொருத்தினர். ஒலியின் தாளம் அவருக்குப் புரிந்தது. பேச்சு சரிவரப் பிடிபடவில்லை. 1978இல் மெல்போர்னில் கிரயாம் கிளார்க் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்திய பிறகு சொற்களும் பிடிபடத் தொடங்கின. உட்செவியின் மயிர்செல்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து செய்யும் வேலையை, காக்ளியர் இம்ப்ளான்ட் எனப்படும் இன்றைய உட்செவிக் கருவியில் 12 முதல் 22 வரையிலான பிளாட்டின முனைகள் ஏற்றுக்கொள்கின்றன.

தமிழ்நாட்டில் இதை வேரூன்றச் செய்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் சென்னை டாக்டர் மோகன் காமேஸ்வரன். செவி நரம்பே இல்லாதவர்களுக்கு மூளைத்தண்டிலேயே மின்முனை பொருத்தும் சிகிச்சையிலும் அவர் முன்னோடி. 2006இல் பத்மஸ்ரீ பெற்றார். கருவியின் விலையோ லட்சங்களில். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்தச் செலவை ஏற்றது, ஏழை வீட்டுக் கதவையும் திறந்துவிட்ட செயல்.

ஆறு வயது என்ற வரம்புக்குக் காரணம் உண்டு. ஒலியே எட்டாத மூளையில், நாளாக நாளாக, கேட்பதற்கான பகுதியை மற்ற புலன்கள் பிடித்துக்கொள்ளும். சென்னைப் புறநகரான கூடுவாஞ்சேரியில் கைதட்டலுக்குத் திரும்பாத பிள்ளையைப் பார்த்து, "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று பாட்டி ஆறுதல் சொன்னால், அன்பில் சொன்ன அந்தச் சொல்லே இரண்டு வருடத்தை விழுங்கிவிடக்கூடும். சந்தேகம் வந்த அன்றே செவித்திறன் சோதனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அறுவை சிகிச்சையோடு வேலை முடிவதும் இல்லை. காயம் ஆறிய சில வாரங்களில் கருவியை இயக்குவார்கள். முதல் சத்தத்தில் குழந்தை அழலாம். ஒவ்வொரு முனைக்கும் எவ்வளவு மின்சாரம் என்று கூட்டிக் குறைத்து அமைப்பது மேப்பிங். பிறகு பேச்சுப் பயிற்சி, மாதக்கணக்கில், வருடக்கணக்கில். கூடுவாஞ்சேரித் தாய் சென்னை அரசு பொது மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் பார்க் நிலையம் வரை போய் வர வேண்டும். அவளுக்கு அன்றைய கூலி போகும். கருவிக்குப் பணம் தந்த அரசு, பயிற்சியையும் அவள் ஊருக்கு அருகிலேயே தர வேண்டும்.