நாத்திகரின் சொல்லை நம்பலாமா? - சார்லஸ் பிராட்லா வரலாறு



கடவுள் உண்டா, இல்லையா என்னும் வாதம் மிகப் பழமையானது. அறிஞரும் பாமரரும் ஆண்டாண்டு காலமாக வாதிட்டும் அதற்கு எல்லாரும் ஒப்பும் முடிவு ஏற்பட்டதில்லை. ஆனால் அந்தப் பெரிய வாதத்திற்குள் சிறியதொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. கடவுளை நம்பாத ஒருவனின் சொல்லை மற்றவர்கள் நம்பலாமா? தெய்வத்திற்கு அஞ்சாதவன் எதற்கு அஞ்சி உண்மை பேசுவான்? இந்தக் கேள்வி 19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஒரு மனிதரை முன்னிட்டு நாட்டையே இரண்டாகப் பிரித்தது. அவர் பெயர் சார்லஸ் பிராட்லா. கிறிஸ்துவர்களும் நாத்திகர்களும் மோதிக்கொண்ட அந்த வரலாற்றில் இரு தரப்பாருக்குமே பாடங்கள் உள்ளன.

கேள்வி கேட்ட ஞாயிறு பள்ளி ஆசிரியர்

பிராட்லா 1833ஆம் ஆண்டு இலண்டனில் ஏழை எழுத்தர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பதின்ம வயதிலேயே திருச்சபையின் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் அளவிற்குச் சமயப் பற்று மிக்கவராக விளங்கினார். அவருக்குத் திடப்படுத்தல் வழங்க இலண்டன் ஆயர் வரவிருந்த வேளையில், ஆயரின் கேள்விகளுக்கு ஆயத்தமாகுமாறு பங்குக் குரு பணித்தார். பையனும் நற்செய்தி நூல்களையும் இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கொள்கை விதிகளையும் அருகருகே வைத்து ஊன்றிப் படித்தான். சில இடங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று தோன்றியது. விளக்கம் வேண்டிக் குருவுக்குக் கடிதம் எழுதினான்.

விளக்கம் வரவில்லை. பையன் நாத்திகனாகிறான் என்று பெற்றோருக்குச் செய்தி போனது. ஞாயிறு பள்ளியில் கற்பிக்க மூன்று மாதம் தடை விதிக்கப்பட்டது. அதன்பின் அவன் சிந்தனையாளர் கூட்டங்களுக்குச் செல்லத் தொடங்கினான். மூன்று நாள்களுக்குள் கருத்தை மாற்றிக்கொள்ளாவிட்டால் வேலை பறிபோகும் என்ற எச்சரிக்கையும் வந்தது. அவன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, வீட்டைவிட்டு வெளியேறினான். பிற்காலத்தில் இங்கிலாந்தின் மிகப் பெரிய நாத்திகப் பேச்சாளர் உருவானதற்கு, விடை சொல்லப்படாத அந்த ஒரு கடிதமும் காரணமாயிற்று. ஆசிரியப் பணியில் இருப்போர் நின்று எண்ணிப் பார்க்கவேண்டிய இடம் இது.

மேடையில் நடந்த வாதம்

சில ஆண்டுகள் படைவீரராகவும், பின்னர் வழக்குரைஞர் அலுவலக எழுத்தராகவும் பணியாற்றிய பிராட்லா, ‘சிலை உடைப்பவர்’ எனப் பொருள்படும் புனைபெயரில் ஊர் ஊராகச் சென்று பேசினார். 1860இல் தொடங்கிய ‘நேஷனல் ரிபார்மர்’ இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1866இல் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தை நிறுவினார்.

அக்காலத்தில் கிறிஸ்துவப் போதகர்களும் நாத்திகரும் ஒரே மேடையில் நேருக்கு நேர் வாதிடுவது வழக்கம். நடுவே ஒரு தலைவர் அமர்வார். இருவருக்கும் சம நேரம் தரப்படும். பல இரவுகள் தொடரும் வாதங்களும் உண்டு. சொற்பொழிவுகள் பின்னர் நூலாக அச்சிடப்பட்டு விற்பனையாகும். பிராட்லாவுடன் பிரூயின் கிராண்ட் முதலிய போதகர்கள் இவ்வாறு வாதிட்டுள்ளனர். ‘கடவுள் இல்லை’ என்று அடித்துச் சொல்வதைவிட, ‘கடவுள் என்று நீங்கள் சொல்வதன் பொருள் எனக்கு விளங்கவில்லை, முதலில் அதை வரையறுத்துச் சொல்லுங்கள்’ என்று கேட்பதே பிராட்லாவின் வாதமுறை.

மேடைக்கு வெளியே நடந்தவை இவ்வளவு நேர்மையாக இல்லை. பிராட்லா கூட்டத்தின் நடுவே கடிகாரத்தை எடுத்து வைத்து, ‘கடவுள் இருந்தால் ஐந்து நிமிடத்திற்குள் என்னைக் கொல்லட்டும்’ என்று அறைகூவினார் என்றொரு கதை நாடு முழுவதும் உலவியது. அப்படியொன்று நடக்கவே இல்லை என்று அவர் பலமுறை மறுத்தார். கதையைப் பரப்பியோர்மீது வழக்கும் தொடுத்தார். ஆயினும் கதை ஓயவில்லை.

இன்னொரு கொடுமையும் இருந்தது. கடவுளையும் மறுமைத் தண்டனையையும் நம்பாதவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது என்பது அன்றைய சட்டம். அவர் பொருளை ஒருவன் அபகரித்துக்கொண்டாலும் கூண்டிலேறி முறையிட வழியில்லை. பிராட்லா தொடுத்த ஒரு பண வழக்கிலேயே அவருடைய சாட்சியம் மறுக்கப்பட்டது. விடாமல் போராடியதன் பயனாக 1869, 1870 ஆகிய ஆண்டுகளில் சட்டம் திருத்தப்பட்டு, நம்பிக்கையற்றோரும் ஆணையிடாமல் உறுதிமொழி கூறிச் சாட்சியளிக்கலாம் என்றாயிற்று.

நாடாளுமன்ற வாயிலில் ஆறு ஆண்டுகள்

1880ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், காலணித் தொழிலாளர் நிறைந்த நார்தாம்டன் நகரம் பிராட்லாவைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் கடவுள்மீது ஆணையிட்டே இருக்கையில் அமரவேண்டும். நீதிமன்றத்தில் இருப்பதுபோல் இங்கும் தமக்கு உறுதிமொழி கூற உரிமையுண்டு எனப் பிராட்லா எண்ணினார். அதை ஆராய அமைத்த குழு சமமாகப் பிளவுபட, குழுத்தலைவரின் வாக்கு அவருக்கு எதிராக விழுந்தது. ‘அவ்வாறாயின் ஆணையே இடுகிறேன், ஆனால் அதன் சில சொற்கள் எனக்குப் பொருளற்றவை’ என்றார் அவர். நம்பாத ஒன்றின்மீது ஆணையிடுவது இறைநிந்தை என்று கூறி அதையும் அவை தடுத்தது. உறுதிமொழியும் கூடாது, ஆணையும் கூடாது என்றால் அவரைத் தேர்ந்தெடுத்த மக்களின் வாக்கு என்னாவது?

1880 சூன் 23ஆம் நாள் அவையைவிட்டு வெளியேற மறுத்த பிராட்லா, ‘பிக் பென்’ மணி தொங்கும் கோபுரத்தில் ஓரிரவு சிறை வைக்கப்பட்டார். சட்ட விளைவுகளைத் தாமே ஏற்பதாக உறுதிமொழி கூறிச் சில மாதங்கள் அமர்ந்தார். அளித்த ஒவ்வொரு வாக்குக்கும் 500 பவுண்டு தண்டம் கேட்டு வழக்கு வந்தது. 1881இல் இருக்கை பறிபோனது. நார்தாம்டன் மீண்டும் அவரையே அனுப்பியது. அவ்வாண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் காவலரும் அவைப் பணியாளரும் அவரைப் படிகளில் இழுத்து வந்து வெளியே தள்ளினர், மேலங்கி கிழிந்தது. 1882, 1884 ஆகிய ஆண்டுகளின் இடைத்தேர்தல்களிலும், 1885 பொதுத் தேர்தலிலும் அந்நகர மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர். அவர்களுள் கிறிஸ்துவர் எண்ணற்றோர். நாத்திகம் சரியென்று எண்ணி அவர்கள் வாக்களிக்கவில்லை. தங்கள் உறுப்பினரைத் தாங்களே தெரிவுசெய்ய வேண்டும் என்பதற்காக வாக்களித்தனர்.

பக்தர்கள் முன்னரே திறந்த கதவு

இங்கே பலர் மறந்துவிட்ட செய்தி ஒன்றுண்டு. ஆணையிட முதன்முதலில் மறுத்தவர்கள் நாத்திகர்கள் அல்லர். குவேக்கர் எனப்படும் கிறிஸ்துவப் பிரிவினர், எவ்வகையிலும் ஆணையிட வேண்டாம் என்று இயேசு மலைப்பொழிவில் கூறியதை அப்படியே ஏற்று, அரசர் கேட்டாலும் ஆணையிட மாட்டோம் என்று சிறை சென்றனர். அவர்களுக்காகவே 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் உறுதிமொழி முறை சட்டத்தில் இடம்பெற்றது. ஜோசப் பீஸ் என்னும் குவேக்கர் 1833இல் உறுதிமொழி கூறி நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். கத்தோலிக்கருக்கு 1829இல் கதவு திறந்தது. 1847இல் தேர்தலில் வென்ற யூதரான லயனல் டி ராத்ஸ்சைல்ட், கிறிஸ்துவ நம்பிக்கையின் பெயரால் ஆணையிட மறுத்து 1858வரை வாயிலில் காத்திருந்தார். இவர்கள் அனைவரும் கடவுளை ஆழ்ந்து நம்பியவர்கள். இவர்கள் நடந்து நடந்து பதிந்த பாதையில்தான் பிராட்லாவும் வந்து நின்றார்.

கிளாட்ஸ்டன் என்னும் பக்தர்

அன்றைய தலைமையமைச்சர் கிளாட்ஸ்டன் ஆழ்ந்த திருச்சபைப் பற்றாளர். பிராட்லாவின் கொள்கைகள் அவருக்கு அறவே ஒவ்வாதவை. ஆயினும் உறுதிமொழிச் சட்ட முன்வரைவை ஆதரித்து 1883 ஏப்ரல் 26இல் அவர் ஆற்றிய உரை, அந்நாட்டு நாடாளுமன்ற வரலாற்றின் சிறந்த உரைகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. ஏதோவொரு கடவுளை ஒப்புக்குச் சொல்பவரை உள்ளே விட்டு, மறுப்பை நேர்மையாகச் சொல்பவரை வெளியே நிறுத்துவதால் கிறிஸ்துவத்திற்கு என்ன காவல் கிடைக்கும் என்று அவர் வினவினார். இறைநம்பிக்கையை அநீதியோடு சேர்த்துப் பார்க்கும் நிலைக்கு மக்களைத் தள்ளினால், மறுப்பின்மேல்தான் அவர்களுக்குப் பரிவு பிறக்கும் என்றும் எச்சரித்தார். ஆயினும் முன்வரைவு 289க்கு 292 என மூன்றே வாக்குகளில் தோற்றது.

அதே 1883ஆம் ஆண்டில், ‘பிரீதிங்கர்’ இதழின் ஆசிரியர் ஜி. டபிள்யூ. பூட், விவிலியத்தைக் கேலிச் சித்திரங்களாக வெளியிட்டதற்காக இறைநிந்தைக் குற்றம் சாட்டப்பட்டு ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அவர்மீதான மற்றொரு வழக்கில் தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் முக்கியமானதொரு விளக்கம் தந்தார். வாதத்திற்குரிய கண்ணியம் காக்கப்படுமாயின், சமயத்தின் அடிப்படைகளையே மறுத்தாலும் அது இறைநிந்தைக் குற்றமாகாது என்பது அதன் சாரம். மறுப்பு வேறு, வசை வேறு என்ற கோடு அங்கே இழுக்கப்பட்டது.

வெற்றியும் ஓர் இரயில் நிலையக் காட்சியும்

1886 சனவரியில் புதிய நாடாளுமன்றம் கூடியபோது, ஆணையிட முன்வரும் உறுப்பினரைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை என்று அவைத் தலைவர் ஆர்தர் பீல் அறிவித்தார். பிராட்லா ஆணையிட்டு அமர்ந்தார். இரண்டே ஆண்டுகளில், 1888இல், விரும்புவோர் உறுதிமொழி கூறலாம் என்னும் சட்டத்தை அவரே முன்னின்று நிறைவேற்றினார். இந்திய மக்களின் குறைகளை இடையறாது எடுத்துரைத்ததால் ‘இந்தியாவுக்கான உறுப்பினர்’ என அழைக்கப்பட்ட அவர், 1889 டிசம்பரில் பம்பாய்க் காங்கிரசு மாநாட்டிலும் கலந்துகொண்டார். 1891 சனவரி 27இல், அவரைத் தடுத்த பழைய தீர்மானத்தை அவை தன் ஏட்டிலிருந்து நீக்கியது. அப்போது அவர் மரணப் படுக்கையில் நினைவிழந்து கிடந்தார். மூன்று நாள்களில் உயிர் பிரிந்தது.

அவரது அடக்கத்திற்கு வந்த இந்தியர்களுள் மோகன்தாஸ் காந்தி என்னும் இளம் சட்ட மாணவரும் ஒருவர். பாதிரியார்கள் சிலரும் வந்திருந்ததை அவர் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். திரும்பும் வழியில் இரயில் நிலையத்தில் நாத்திகர் ஒருவர் பாதிரியார் ஒருவரை வழிமறித்து, ‘பூமியின் சுற்றளவு தெரியும், உங்கள் கடவுளின் அளவென்ன, இருப்பிடம் எது?’ என்னும் பாங்கில் வினவினாராம். அவர் நம் இருவர் நெஞ்சிலும் உறைகிறார் என்று பாதிரியார் அமைதியாக விடையளித்தார். நாத்திகரோ, வென்றுவிட்ட பெருமிதத்துடன் சுற்றி நின்றோரைப் பார்த்தார். அக்காட்சி நாத்திகத்தின்மேல் தமக்கிருந்த வெறுப்பை மிகுவித்தது என்கிறார் காந்தி. பிராட்லா வாழ்நாள் முழுதும் ஈட்டிய மதிப்பில் ஒரு பகுதியை, அவருடைய அடியார் ஒருவர் ஒரு நொடி ஏளனத்தில் செலவழித்துவிட்டார்!

தமிழ் மண்ணில் அதன் எதிரொலி

இலண்டன் இயக்கத்தின் அலை சென்னையையும் தொட்டது. 1880களில் சென்னை இலௌகிக சங்கத்தார் ‘தத்துவ விவேசினி’ என்னும் தமிழ் இதழையும், ‘தி திங்கர்’ என்னும் ஆங்கில இதழையும் நடத்தினர். பிராட்லாவின் நெருங்கிய தோழியாக நாத்திகம் பேசிய அன்னி பெசன்ட் அம்மையார், 1889இல் பிரம்மஞான சபையில் சேர்ந்து, பின்னர் சென்னை அடையாற்றையே தம் இல்லமாக்கிக்கொண்டார். அவர் மனம் மாறியபோது பிராட்லா தம் வருத்தத்தை இதழில் தெரிவித்தார்.

இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில், பதவியேற்போர் கடவுள் பெயரால் ஆணையிடவும் உளமார உறுதிகூறவும் இருவகை வாசகங்கள் அருகருகே உள்ளன. 1967இல் அறிஞர் அண்ணாவின் அமைச்சரவை ‘உளமார’ என்று சொல்லிப் பதவியேற்றபோது எவரும் அவர்களைக் கோபுரத்தில் அடைக்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் குவேக்கரின் சிறைவாசமும் பிராட்லாவின் கிழிந்த மேலங்கியும் இருக்கின்றன.

அன்பர்களே, கடவுள் உண்டா என்ற கேள்வியை பிராட்லாவும் தீர்க்கவில்லை, அவரை எதிர்த்தவர்களும் தீர்க்கவில்லை. ஆனால் நம்பாதவரின் சொல்லுக்கும் மதிப்புண்டு என்ற கேள்வி தீர்ந்தது. அதைத் தீர்த்தவர்கள் நாத்திகர்கள் மட்டுமல்லர். தம் நம்பிக்கையில் உறுதியாக நின்றுகொண்டே மற்றவருக்காகக் குரல் கொடுத்த கிளாட்ஸ்டன் போன்ற கிறிஸ்துவர்களும்தாம். நம் மாணவர் வகுப்பில் எழுந்து இத்தகைய கேள்வியொன்றைக் கேட்பாராயின், வாயடைக்காமல் விடை தேடித் தருவோம். விடை தெரியாவிடின் சேர்ந்து தேடுவோம். ஒரு பையனின் கடிதத்திற்கு விடை எழுதியிருந்தால் அந்த வரலாறு எப்படித் திரும்பியிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?