நூல் மில்லில் பிறந்த ட்ரையவுட்

அமெரிக்காவில் ஏதாவது ஒரு டீமில் இடம் கிடைக்காதா என்று பூட்ஸைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுகிற ஃபுட்பால் ஆட்டக்காரர்கள் இன்று ஏராளம். கானாவிலிருந்து, பிரேசிலிலிருந்து, ஜமைக்காவிலிருந்து, எப்போதாவது நம் நாட்டிலிருந்தும் போகிறார்கள். அங்கே அதை ட்ரையவுட் என்கிறார்கள். நம் பக்கத்துப் பையன்கள் செலக்‌ஷன் என்பார்கள். இந்த வழக்கத்தின் பூர்வீகம் எது என்று நூல் பிடித்துப் போனால், போய்ச் சேருகிற இடம் ஸ்டேடியம் இல்லை, தையல் நூல் செய்கிற ஒரு மில். அதை நடத்திய கம்பெனியின் பெயர் தூத்துக்குடியில் யாருக்கும் புதிதும் இல்லை.

ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்று ஒரு நெசவாளர் ஊர். நெப்போலியனோடு நடந்த சண்டையில் பட்டு வரத்து நின்றுபோனபோது, பருத்தியையே பட்டுப்போல் வழுவழுப்பாக முறுக்கித் தையல் நூல் செய்ய அந்த ஊர்க்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். 1826ல் கோட்ஸ் குடும்பம் அங்கே மில் கட்டியது. சரக்குக்கு அமெரிக்காவில் நல்ல கிராக்கி. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு அமெரிக்க அரசாங்கம் இறக்குமதி நூலுக்கு வரியை ஏற்றியது. கப்பலில் அனுப்பி வரி கட்டுவதைவிட அங்கேயே நூற்றுவிடலாம் என்று, ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பாட்டக்கெட்டில் ஹெசக்கியா கோனன்ட் என்பவர் நடத்திய நூல் கம்பெனியோடு 1869ல் கோட்ஸ்காரர்கள் கை கோத்தார்கள். அந்த வரி மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கதையின் பாதி இல்லை.

மில் வந்தால் ஆள் வரவேண்டும். தொழில் தெரிந்த ஆள் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் லங்காஷயரிலும் இருந்தான். பாட்டக்கெட்டுக்கும், பக்கத்து மாநிலத்து ஃபால் ரிவருக்கும் அவன் குடும்பத்தோடு கப்பலேறினான். வரும்போது பந்தும் கூட வந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் தொழிலாளி பந்தாட ஆரம்பித்ததற்கு முக்கியக் காரணம் ஒரு சட்டம். 1850ல் வந்த தொழிற்சாலைச் சட்டப்படி, சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பெண்களையும் பிள்ளைகளையும் மில்லில் வைத்திருக்கக் கூடாது. அவர்கள் போய்விட்டால் மெஷின் ஓடாது, ஆண்களுக்கும் ஓய்வு. மூன்று மணிக்கு மேட்ச் ஆரம்பிக்கிற பழக்கம் அப்படித்தான் வந்தது. லீவு இல்லாத ஊரில் ஃபுட்பால் டீம் முளைக்காது.

நம் தூத்துக்குடிக் கடற்கரையில் அந்த லீவு எப்படி வந்தது? பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மேட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒட்டப்பிடாரம். அந்தக் கரிசல் வட்டாரத்துப் பருத்தியைத் தேடி வந்தவர்கள்தான் ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்ற ஹார்வி சகோதரர்கள். அவர்களும் ஸ்காட்லாந்துக்காரர்கள். தூத்துக்குடியில் அவர்கள் நடத்திய கோரல் மில்லில் வேலை நேரத்துக்குக் கணக்கில்லை, வார விடுமுறை கிடையாது. 1908 பிப்ரவரி கடைசியில் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்னால் நின்றவர் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வக்கீல் வ.உ. சிதம்பரம் பிள்ளை. கூட நின்றவர் சுப்பிரமணிய சிவா. நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. சில நாளில் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள், திருநெல்வேலி பற்றி எரிந்தது. கப்பல் ஓட்டியதற்காக அவரைக் கொண்டாடுகிறோம், செக்கிழுத்ததற்காகக் கண்ணீர் விடுகிறோம். ஒரு மில் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமையை வாங்கிக் கொடுத்தவர் என்று பேசுவது குறைவு. என் கணக்கில் அது கப்பலுக்குக் குறைந்த சாதனை இல்லை.

ஹார்விகளின் மில்கள் பிற்பாடு மதுரா மில்ஸுக்குள் போயின. 1974ல் மதுரா மில்ஸும் பெய்ஸ்லியின் கோட்ஸும் சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. ஆக, தூத்துக்குடியில் நூல் சுற்றிய கம்பெனியும் பாட்டக்கெட்டில் நூல் சுற்றிய கம்பெனியும் கடைசியில் ஒரே குடும்பம். ஆனால் 1920களில் பாட்டக்கெட் மில் நூலோடு இன்னொன்றையும் உற்பத்தி செய்துகொண்டிருந்தது.

அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஃபுட்பால் ஆடுகிற முயற்சி 1894லேயே நடந்தது. பேஸ்பால் முதலாளிகள் ஒரு லீக் தொடங்கினார்கள். பால்டிமோர்க்காரர்கள் இங்கிலாந்திலிருந்து ஆட்களை இறக்கினார்கள். ஒப்பந்தக் கூலிகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது என்ற சட்டம் அப்போது இருந்தது. பந்து உதைப்பவன் கூலியா கலைஞனா என்று அதிகாரிகள் விசாரிக்கக் கிளம்பினார்கள். அதற்குள் லீக்கே சில வாரத்தில் மூடிக்கொண்டது. வெளிநாட்டு ஆட்டக்காரனுக்கும் அமெரிக்கக் குடியேற்ற அலுவலகத்துக்கும் பழக்கம் ஆரம்பித்தது அன்றைக்கு.

மில் முதலாளிகளுக்கு அந்தத் தலைவலி இல்லை. அவர்கள் கொடுத்தது மில் வேலை. பந்து அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பென்சில்வேனியாவில் பெத்லகேம் ஸ்டீல் கம்பெனி இதைப் பெரிய அளவில் செய்தது. இரும்பாலையில் ஒரு வேலை, சனிக்கிழமை கம்பெனி டீமில் ஆட்டம். 1919ல் அந்த டீம் சுவீடன் வரைக்கும் போய் ஆடிவிட்டு வந்தது. 1921ல் அமெரிக்கன் சாக்கர் லீக் ஆரம்பித்தபோது சேர்ந்த டீம்களில் ஒன்றின் பெயர் ஜே. அண்ட் பி. கோட்ஸ். நூல்கண்டின் மேல் ஒட்டுகிற பெயரேதான். 1922–23ல் லீக் சாம்பியனும் அவர்கள்தான். அதற்கடுத்த மூன்று வருஷமும் ஃபால் ரிவர். பஞ்சாலை ஊர்களின் காலம் அது.

இப்போது ஸ்காட்லாந்துப் பையனின் இடத்திலிருந்து யோசிக்கலாம். முதல் உலகப்போர் முடிந்து கப்பல் கட்டும் துறைகளில் வேலை இல்லை. இங்கிலாந்துக்குப் போனால் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனுக்கும் 1922இலிருந்து வாரத்துக்கு 8 பவுண்டுதான் உச்ச வரம்பு. கடல் தாண்டினாலோ பந்தாடச் சம்பளம், மில்லில் வேலை என்று இரண்டும் சேர்ந்து வருகிறது. டம்பார்ட்டனில் ஆடிக்கொண்டிருந்த அலெக்ஸ் ஜாக்சன், அண்ணன் வாட்டியின் பின்னாலேயே 1923ல் பெத்லகேம் போனார். ஒரு சீசன் ஆடிவிட்டு ஊர் திரும்பிய அவர்தான், 1928ல் வெம்ப்ளியில் இங்கிலாந்துக்கு எதிராக ஸ்காட்லாந்துக்காக மூன்று கோல் அடித்தார். கில்மார்னக்கில் பிறந்த ஜிம் பிரவுன் 1920களின் பிற்பாதியில் அமெரிக்கா போனார். 1930 உலகக் கோப்பையில் அமெரிக்க ஜெர்சியில் ஆடினார். 1932ல் மான்செஸ்டர் யுனைடெட் அவரை எடுத்துக்கொண்டது. அந்த உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போன அமெரிக்க டீமில் ஆறு பேர் பிரிட்டனில் பிறந்தவர்கள். கோச் பாப் மில்லர் பிறந்த ஊரோ, அதே பெய்ஸ்லி.

ஸ்காட்லாந்துக் கிளப்புகள் அலறின. ‘அமெரிக்க ஆபத்து’ என்று பத்திரிகைகள் எழுதின. ஒப்பந்தத்தில் இருக்கிற ஆளையே அமெரிக்கர்கள் இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது புகார். 1926ல் வியன்னாவின் ஹாக்கோவா என்ற யூத கிளப் அமெரிக்காவுக்கு ஆட வந்தது. நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் 46,000 பேர் கூடினார்கள். வியன்னாவில் யூதனாக இருப்பது எப்படி என்று அந்த ஆட்டக்காரர்களுக்குத் தெரியும். நியூயார்க்கையும் கண்ணால் பார்த்துவிட்டார்கள். பலர் திரும்பவில்லை. பின்னாளில் பென்ஃபிகாவுக்கு இரண்டு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்த பேலா குட்மன் அவர்களில் ஒருவர். 1927ல் ஹெல்சிங்கியில் கூடிய ஃபிஃபா மாநாட்டில் ஐரோப்பியர்கள் இதை வைத்துச் சண்டைக்கு நின்றார்கள். அடுத்த வருஷம் அமெரிக்கச் சங்கத்துக்கும் லீக்குக்கும் நடுவிலேயே அடிதடி. 1929ல் கோட்ஸ் கம்பெனி டீமைக் கைகழுவியது. டீம் பாட்டக்கெட் ரேஞ்சர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பொருளாதார வீழ்ச்சியில் மில்கள் படுத்தன, மில்லோடு லீக்கும் படுத்தது.

இவ்வளவு நடந்தபோது நம் ஆட்கள் எங்கே? தூத்துக்குடி மில்லில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வாங்கிய தொழிலாளி, பாட்டக்கெட் மில்லுக்குப் போயிருக்க முடியுமா? முடியாது. 1917ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, ஆசியாவின் பெரும்பகுதியை ‘தடைசெய்யப்பட்ட மண்டலம்’ என்று வேலி கட்டியது. இந்தியா அந்த வேலிக்குள். 1946ல்தான் வருஷத்துக்கு 100 இந்தியர் வரலாம் என்று ஒரு சந்து திறந்தது. கதவு நன்றாகத் திறக்க 1965 ஆயிற்று. ஸ்காட்லாந்துக்காரன் காலாலேயே நுழைந்த காலத்தில், நம் ஆளின் காலை யாரும் பார்க்கக்கூட இல்லை.

பிரிட்டனுக்கு அந்தத் தடை இல்லை, சாம்ராஜ்யத்துப் பிரஜைதானே. 1936ல் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் ஆட்டக்காரர் முகமது சலீம், ஸ்காட்லாந்தில் இருந்த அண்ணன் ஹாஷிமோடு கிளாஸ்கோவுக்குப் போனார். அண்ணன் செல்டிக் கிளப்பின் மானேஜர் வில்லி மேலியிடம் பேசி ஒரு வாய்ப்புக் கேட்டார். வெறுங்காலோடு ஆடுகிறவன் என்றதும் சிரித்தார்களாம். ஆட்டத்தைப் பார்த்தபின் சேர்த்துக்கொண்டார்கள். காலில் துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு மேட்ச் ஆடினார், இரண்டிலும் செல்டிக் ஜெயித்தது. ஊர் நினைப்பு வாட்டவே திரும்பிவிட்டார். வெளிநாட்டுக் கிளப்பில் ட்ரையல்ஸ் கொடுத்த நம் ஆட்களின் வரிசையில் முதலில் நிற்பவர் அவர்தான். வெள்ளைக்காரன் ஊருக்கு வெள்ளைக்காரனின் பூட்ஸ் இல்லாமல் போய் ஜெயித்தவர்.

அமெரிக்கா ஃபுட்பாலை மறந்துவிட்டு மறுபடி தொட்டது 1967ல். அவசரத்தில் ஆளைத் தேர்ந்தெடுக்கக்கூடப் பொறுமை இல்லை. இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் டீமை அப்படியே இறக்கி, ‘லாஸ் ஏஞ்சலஸ் உல்வ்ஸ்’ என்று பெயர் சூட்டி ஆடவைத்தார்கள். அப்புறம் நியூயார்க் காஸ்மாஸ், பெலே. 1977 செப்டம்பரில் அந்த காஸ்மாஸ் கல்கத்தா ஈடன் கார்டனுக்கு வந்து மோகன் பகானோடு 2–2 என்று டிரா செய்துவிட்டுப் போனது. அதைப் பார்த்த பிறகு அமெரிக்கா போக ஆசைப்படாத வங்காளி உண்டா? ஆனால் 1984 சீசனோடு காஸ்மாஸ் ஆடிய லீக்கும் காலி.

இப்போதைய ட்ரையவுட்டின் முகம் 1990க்குப் பிறகு வந்தது. அந்த வருஷத்துக் குடியேற்றச் சட்டம், பெயர் பெற்ற விளையாட்டுக்காரர்களுக்கு என்று பி-1 விசாவை உண்டாக்கியது. 1894ல் அதிகாரிகள் கேட்ட கேள்விக்கு ஒருவழியாகப் பதில் வந்தது. 1994 உலகக் கோப்பையை நடத்த வேண்டுமானால் ஒழுங்கான லீக் வேண்டும் என்று ஃபிஃபா சொல்லியிருந்தது. 1996ல் மேஜர் லீக் சாக்கர் ஆட்டம் தொடங்கியது. அதில் ஆட்டக்காரன் கையெழுத்துப் போடுவது டீமோடு இல்லை, லீக்கோடு. 2008ல் வெளிநாட்டவருக்கு டீமுக்கு 8 இடம் என்று வைத்தார்கள். அந்த இடத்தை ஒரு டீம் இன்னொரு டீமுக்குக் கைமாற்றலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவன் உள்ளூர்க்காரன் கணக்கில் வருவான். அதனால் செலக்‌ஷனில் நிற்கிறவனை கோச் முதலில் கேட்பது இடதுகாலா வலதுகாலா என்று இருக்காது, கார்டு உண்டா என்றுதான் இருக்கும். கீழ்மட்ட டீம்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ட்ரையவுட் நடத்துகின்றன. காசு கொடுத்து ஆடிக் காட்டலாம். வேலை செய்ய அனுமதிக்கிற விசா இல்லாதவன் சம்பளம் வாங்க முடியாது. மில்காரன் வேலையைக் கொடுத்துப் பந்தாடச் சொன்னான். இவர்கள் பந்தாடிக் காட்டச் சொல்லிவிட்டு வேலை செய்ய உரிமை உண்டா என்று கேட்கிறார்கள்.

இந்த வாசலில் நுழைந்த இந்தியர் சுனில் சேத்ரி. 2009ல் லண்டனின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரை எடுக்கத் தயார். இந்தியா ஃபிஃபா தரவரிசையில் முதல் 70க்குள் இல்லை என்று பிரிட்டிஷ் அரசு வேலை அனுமதியை மறுத்தது. ஆட்டக்காரனின் தகுதியை அவன் நாட்டின் தகுதியை வைத்து அளக்கிற விதி அது. எனக்கு இன்றைக்கும் அது செரிக்கவில்லை. அமெரிக்காவில் அப்படி ஒரு விதி குறுக்கே வரவில்லை. 2010 மார்ச்சில் கன்சாஸ் சிட்டி விசார்ட்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஏப்ரலில் யு.எஸ். ஓபன் கோப்பைத் தகுதி ஆட்டம் ஒன்றில் கொலராடோவுக்கு எதிராக இறங்கினார். ஜூலையில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2–1 என்று டீம் தோற்கடித்த காட்சி ஆட்டத்தில் மாற்று ஆளாக வந்தார். லீக் ஆட்டத்தில் ஒரு நிமிஷம்கூட இல்லை. 2011 ஆசியக் கோப்பைக்குத் தயாராக ஊர் திரும்பினார். அவர் இந்தியாவுக்காக அடித்த கோல் பின்னாளில் 90ஐத் தாண்டியது.

நம் ஊரில் மில் வழி இன்னும் அடைபடவில்லை. பெத்லகேம் இரும்பாலை செய்ததைத்தான் சென்னையில் ஐ.சி.எஃப்.பும் தெற்கு ரயில்வேயும் இந்தியன் வங்கியும் செய்தன. நன்றாக ஆடுகிறவனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. கடற்கரை மணலில் ஆடி வளர்கிற பையன்களின் வீட்டில் அந்தக் கோட்டாவுக்கு இருக்கிற மதிப்பு எந்த லீக்குக்கும் கிடையாது, அதில் தப்பும் இல்லை. அமெரிக்கா போயே தீரவேண்டும் என்கிறவனுக்கு இன்று ஓரளவு நேரான பாதை கல்லூரி. ஸ்காலர்ஷிப்பில் சேர்ந்து, மாணவர் விசாவில் சம்பளம் இல்லாமல் நான்கு வருஷம் ஆடலாம். முடிக்கும்போது லீக்கின் டிராஃப்ட்டில் பெயர் வந்தால் அதிர்ஷ்டம். வந்தபிறகும் கிரீன் கார்டு இல்லாத வரைக்கும் பெரும்பாலும் அந்த வெளிநாட்டு இடங்களில் ஒன்றை அவனுக்காக ஒரு டீம் ஒதுக்க வேண்டும், அதற்கு அதே நாளில் அர்ஜென்டினாவிலிருந்தும் செனகலிலிருந்தும் ஆள் காத்திருப்பான்.