அது சோம்பல் இல்லை: அறுந்துபோன ஒரு கயிற்றின் வரலாறு

 

இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் ஓடப் பின்வாங்கும் பையனைச் "சோம்பேறி" என்கிறோம். ஆசிரியர்களாகிய நாங்களும் சொல்லியிருக்கிறோம். ஆனால் அடிக்கடி விழுந்து, நுனிக்காலில் நடந்து, தரையிலிருந்து எழும்பும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி ஏறும் பிள்ளைக்கு நோய் இருக்கலாம். அப்படி எழும்புவதை 1879இல் லண்டன் வைத்தியர் வில்லியம் கவர்ஸ் விவரித்தார். இன்றும் அந்த அறிகுறிக்கு அவருடைய பெயர்தான்.

நோயின் பெயர் டுஷேன் தசைச்சிதைவு. 1860களில் இதை விரிவாக எழுதிய பிரெஞ்சு வைத்தியர் டுஷேனின் பெயர் அது. அவருக்கு முன்பே, 1852இல், எட்வர்ட் மெரியன் என்ற ஆங்கில வைத்தியர் இந்த நோயால் இறந்த ஒரு சிறுவனின் தசையை நுணுக்குக்காட்டியில் பார்த்து, தசைநாரின் மேலுறை சிதைந்திருப்பதாக எழுதினார். ஏன் சிதைகிறது என்று அன்று யாருக்கும் தெரியவில்லை.

விடை கிடைக்க 135 வருடங்கள் சென்றன. 1987இல் அமெரிக்காவின் போஸ்டனில் லூயிஸ் குன்கெல், எரிக் ஹொஃப்மன் குழுவினர் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். வள்ளத்தையும் நங்கூரத்தையும் பிணைக்கும் கயிறு போன்றது அது. ஒரு முனை தசைக்கலத்தின் உள்ளே இருக்கும் அக்டின் இழைகளைப் பிடிக்கிறது. மறுமுனை மேலுறையோடு சேர்கிறது. அந்தக் கயிறு இல்லாவிட்டால் தசை சுருங்கும் ஒவ்வொரு தடவையும் மேலுறை கிழிகிறது. கயிறு நடுவில் குட்டையாகி, இரண்டு முனையும் மிஞ்சினால் நோய் கடுமை குறைந்து வரும். அதற்கு பெக்கர் தசைச்சிதைவு என்று பெயர்.

இந்த மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே நோய் தாக்குகிறது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும். இதைக் கேட்டவுடன் தாயைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்குத் தாயிடம் இல்லாத புதிய மாற்றத்தாலேயே நோய் வருகிறது. மற்றத் தாய்மாரும் அறிந்து கொடுத்ததல்ல. கண்ணூறும் இல்லை, செய்வினையும் இல்லை, சொந்தத்துக்குள் முடித்த கலியாணமும் இதற்குக் காரணமில்லை.

முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. மருந்தில்லாமல் விட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 12, 13 வயதுக்குள் நடை நின்றுவிடும். நேரத்தோடு ஸ்டீரொயிட் மருந்து தொடங்கினால் அதைப் பிற்போடலாம். முதற்படி சி.கே. என்ற ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை. மரபணுப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் கொழும்பு மருத்துவ பீடத்தில் 1983இல் தொடங்கிய மனித மரபணுவியல் பிரிவு இருக்கிறது. தாயின் சகோதரிமாரும் ஆலோசனை கேட்பது நல்லது.

ஆகவே, அடுத்த முறை ஒரு பிள்ளை விழுந்தால் பிரம்பை எடுக்கவேண்டாம். அவன் எப்படி எழும்புகிறான் என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் பெற்றோரிடம் தனியாக, பக்குவமாகச் சொல்லுங்கள். படி ஏற முடியாத பிள்ளை இருந்தால் அந்த வகுப்பையே கீழ்மாடிக்குக் கொண்டுவருவோம்.

யா அல்லாஹ், எங்கள் எல்லாப் பிள்ளைகளையும் பாதுகாப்பாயாக. ஆமீன்.