எண்ணெய்க் கணக்கும் அண்ணியாரின் கேள்வியும்

சென்ற தைப்பொங்கலுக்குத் தேவிகாபுரம் சென்றிருந்தபோது அண்ணியார் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். தார் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே கேட்டார். "இன்னா தம்பி, காத்துல பொரிக்கிற பொட்டின்னு ஒண்ணு வந்திருக்காமே, அது நம்ம வூட்டுக்கு ஆவுமா?"

கல்லூரியில் பாடம் நடத்துகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை ஊரில் இன்னும் மிச்சமிருக்கிறது. நமக்கோ அப்பெட்டியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதன் பெயர் 'ஏர் ஃபிரையர்' என்பது மட்டுமே. கேள்வி விளையாட்டாகக் கேட்கப்பட்டதன்று. நாற்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் உட்கார்ந்தே பட்டு நெய்யும் அண்ணனுக்கு இரண்டாண்டுகளுக்கு முன் இதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு ஸ்டென்ட் பொருத்தினார்கள். எண்ணெயில் பொரித்தவற்றை அடியோடு குறைக்கவேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. மாலை நான்கு மணிக்குத் தறியை விட்டு எழுந்ததும் இரண்டு வடையாவது வேண்டும் என்பது அண்ணனின் கட்டளை. இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில் அடுப்பருகே நிற்பவர் அண்ணியார்.

பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். தமிழாசிரியன் படிக்க உட்கார்ந்தால் கடைவீதியில் தொடங்கமாட்டான், சொல்லில்தான் தொடங்குவான். பொறுத்தருள்க.

காற்றில் எப்படிப் பொரிக்க முடியும் என்று நகைப்பவர்கள் உண்டு. தமிழ் அவர்கள் பக்கம் இல்லை. 'பொரி' என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது நெற்பொரிதான். சூடான மணலில் துளி எண்ணெயும் இன்றி மலர்வது அது. கார்த்திகைக்கு உருண்டை பிடிப்பதும் அதைக் கொண்டே. வெப்பத்தால் வெடித்து விரிதல் என்ற பொருள் அச்சொல்லுக்குள் இருக்கிறது. எண்ணெய் அதற்குக் கட்டாயமில்லை. ஆனால் பெட்டிக்குள் நடப்பது அந்தப் பொரிதலும் அன்று. மேலே ஒரு மின்கம்பிச் சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி, கீழே துளையிட்ட கூடை. சூடேறிய காற்று குறுகிய இடத்தில் விரைந்து சுழன்று பண்டத்தின் மேற்பரப்பிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. தமிழில் சொன்னால் 'வாட்டுதல்'. வாட்டும் பெட்டி என்று பெயரிட்டிருந்தால் விற்றிருக்காது!

இனி எண்ணெய்க்கு வருவோம். நம் முன்னோர் அன்றாடம் எண்ணெய்ச் சட்டியோடு வாழ்ந்தார்கள் என்று நினைத்தால் அது பிழை. குறுந்தொகையின் 167ஆம் பாடலில், கூடலூர் கிழார் காட்டும் இளம் மனைவி தயிர் பிசைந்த விரலைத் தன் ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் நிறையப் புளிப்பாகர் சமைக்கிறாள். அங்கே இருப்பது தாளிப்பு, அதாவது கரண்டியளவுக் கொழுப்பு. (நெசவாளர் வீட்டில் அவள் அப்படித் துடைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்பது வேறு விஷயம்.) கொழுப்பில் மூழ்கடித்துச் சுடும் பண்டங்களைத் தேடிப் போனால் கோயில் கல்வெட்டுகளில் அவை கணக்காகக் கிடைக்கின்றன. திருமலைக் கோயிலின் விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி என்று வரிசை வரிசையாக வருகின்றன. பக்தர் ஒருவர் கோயிலுக்குப் பொருள் தருவார். அதன் வருவாயிலிருந்து குறிப்பிட்ட நாள்களில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பண்டங்கள் செய்யப்படும். அரிசி இவ்வளவு, நெய் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று அளவுகள் தனித்தனியே பொறிக்கப்படும். கல்லில் வெட்டிவைக்கும் அளவுக்கு நெய் ஒரு செலவு. நம்மூர்ப் பெரியநாயகியம்மன் கோயிலும் விஜயநகரக் காலத்துச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் நிறைந்ததுதான். அதன் சுவரோரம் விளையாடி வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதன்று.

அப்படியானால் வடையும் பஜ்ஜியும் அன்றாடப் பண்டங்களானது எப்போது? நம் கணிப்பில், இதற்கு விடை நிலக்கடலையில் இருக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இப்பயிர் 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காடு, வடார்க்காடு மாவட்டங்களின் மானாவாரி நிலங்களைப் பற்றிப் படர்ந்தது. புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சின் மார்செய் நகரத்துச் செக்காலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் கப்பல் கப்பலாகச் சென்றது. ஏற்றுமதிக்காக விதைத்த பயிர் ஊர்ச் செக்கிலும் விழுந்தது. நல்லெண்ணெய்க்கும் நெய்க்கும் விலை கொடுக்க முடியாத வீடுகளுக்குப் பொரிக்கும் எண்ணெய் ஒன்று கைக்கு எட்டியது. ஆரணியைச் சுற்றி இன்றும் மழை பெய்தால் முதலில் பேசப்படுவது 'மல்லாட்டை' விதைப்புதான்.

அடுத்த திருப்பம் பாமாயில். அதன் இறக்குமதி 1994இல் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. 2007 முதல் தமிழ்நாட்டில் சிறப்புப் பொது வினியோகத் திட்டத்தின்கீழ் நியாயவிலைக் கடைகளிலேயே பருப்போடு பாமாயிலும் தரப்பட்டது. லிட்டர் 25 ரூபாய். கல்வெட்டில் அளந்து வெட்டிய செலவு பையில் அடைத்த மலிவுப் பொருளாயிற்று. எண்ணெயைக் குறைக்கும் பெட்டி ஒன்றை உலகம் விற்க நினைத்த காலத்தில்தான் நம் வீடுகளில் எண்ணெய் இவ்வளவு மலிந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இதற்கு இணையாக அடுப்படியில் இன்னொரு வரலாறும் நடந்தது. கோயம்புத்தூரில் ப. சபாபதி 1955இல் மின்சார மாவரைக்கும் இயந்திரத்தை, நாம் இன்று 'கிரைண்டர்' என்று சொல்வதை, உருவாக்கினார். மும்பையில் பொறியாளர் சத்திய பிரகாஷ் மாத்தூர், மனைவியின் வெளிநாட்டு அரைப்பான் நம் மசாலாவுக்குத் தாங்காமல் பழுதானதால் தாமே ஒன்றை வடிவமைக்க முனைந்தார். 1963இல் 'சுமீத்' மிக்சி பிறந்தது. பிறகு 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1.8 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள் அதன் இலக்கு. அத்திட்டத்தை எள்ளி நகையாடியவர்களில் நம் நண்பர்களும் இருந்தார்கள். அவர்களில் எவரும் ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்தவர்கள் அல்லர்.

நம் அன்னை அமர்ந்தவர். இரண்டு படி அரிசியும் உளுந்தும் ஆட்டி எடுக்க அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குப் பிறகுதான் பாவுக்கும் தாருக்கும் வருவார். பட்டு நெசவில் தறியில் உட்காருபவர் ஒருவர் என்றாலும் வேலை அவருடையது மட்டுமன்று. இழை பிணைப்பதும், தார்க்குழலில் ஊடை நூலைச் சுற்றி வைப்பதும், ஜரிகை அறுந்தால் ஓடிவருவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. கூலிச் சீட்டில் அவர்கள் பெயர் இராது. கிரைண்டர் வந்தபின் அந்த ஒரு மணி நேரம் மிச்சமானது. மிச்சமான நேரத்தில் அன்னை ஓய்வெடுத்தாரா? இல்லை, கூடுதலாக நான்கு தார் சுற்றினார். ஆயினும் தோள்வலி நின்றது. இயந்திரங்களைப் பற்றி எழுதும் அறிஞர்கள் முதற்பாதியையோ பின்பாதியையோ மட்டும் எழுதிவிடுகிறார்கள்.

மின்சாரப் பொருள்கள் பலவும் நம் அடுப்படிக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான். கையுழைப்பைக் குறைத்தன, அதனால் நிலைத்தன. காற்றுப் பெட்டி அந்த வாசல் வழியாக வரவில்லை. சூடான காற்றை விசிறியால் சுழற்றிச் சமைக்கும் எண்ணம் பழையது. 1940களில் அமெரிக்கரான வில்லியம் மாக்ஸன் விமானப் பயணிகளுக்கான உறைந்த உணவைச் சூடாக்க இத்தகைய ஒரு சிறு அடுப்பை உருவாக்கினார். அதை மேசைமேல் வைக்கும் பெட்டியாக்க முனைந்தவர் நெதர்லாந்துக்காரரான ஃபிரெட் வான் டெர் வெய். உருளைக்கிழங்கு வறுவலை விரும்பித் தின்னும் நாடு அது. 2010இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் பெட்டியை அறிமுகம் செய்தது. அதே நிறுவனம் 2011இல் சென்னையின் பிரீத்தி மிக்சி நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. பிறகு 2021இல் தன் வீட்டு உபயோகப் பொருள் வணிகத்தையே ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஆக, இப்பெட்டி பிறந்தது உறைந்த கிழங்குத் துண்டுகளுக்காக. நம் கடலை மாவுக் கரைசலை அது கனவிலும் கண்டதில்லை.

இப்போது கணக்கு. நாம் நகரத்தில் வாங்குவது செக்குக் கடலை எண்ணெய், லிட்டர் 250 ரூபாய். மாதம் ஒரு லிட்டர் பொரிப்பதற்கே போகிறது. பெட்டியின் விலை 6,000 ரூபாய் என்று வைத்தால், அந்த எண்ணெய் முழுவதும் மிச்சமானாலும் இரண்டு ஆண்டுகளில் முதல் திரும்பும். அண்ணியார் பொரிப்பதோ நியாயவிலைக் கடைப் பாமாயிலில். மாதம் ஒரு லிட்டர், 25 ரூபாய். ஆண்டுக்கு 300. முதல் திரும்ப இருபது ஆண்டுகள்! பெட்டி அதுவரை உயிரோடு இராது. ஏழைக்குச் சிக்கனம் சொல்லித் தரும் விளம்பரங்கள் பெரும்பாலும் இப்படித்தான், வசதியுள்ளவனின் செலவை மிச்சம்பிடிக்கின்றன.

மின்சாரம் அவ்வளவு அச்சுறுத்தவில்லை. 1,500 வாட் பெட்டி இருபது நிமிடம் ஓடினால் அரை யூனிட். நாள்தோறும் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். கைத்தறி நெசவாளர்களுக்கு இரு மாதங்களுக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 300 யூனிட் ஆக்கப்பட்டது. அதற்குள் அடங்கிவிடும்.

காசுக் கணக்கு தோற்ற இடத்தில் உடல் கணக்கு எழுந்து நிற்கிறது. மலிந்த எண்ணெயைப் பொரித்தபின் எவரும் கொட்டுவதில்லை. வடிகட்டி வைத்து மறுநாள் தாளிப்பார்கள், அதற்கும் மறுநாள் அப்பளம் பொரிப்பார்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. உணவகங்களுக்கு அளவுகோல் உண்டு. அண்ணியாரின் எவர்சில்வர் தூக்குக்கு ஏது? பெட்டி இந்தத் தூக்கை ஒழிக்கும். ஆனால் அது எல்லாத் தீங்கையும் ஒழிக்கும் என்பது மிகை. மாவுச்சத்துள்ள பண்டங்கள் மிகுந்த சூட்டில் சிவக்கும்போது அக்ரிலமைடு உண்டாகிறது என்று 2002இல் சுவீடன் அறிவியலாளர்கள் கண்டார்கள். காற்றில் கருகினாலும் அது கருகல்தான்.

ஏட்டுச் சுரைக்காயோடு நிற்க மனமில்லை. மாசி மாதத்தில் உடன் பணிபுரியும் பேராசிரியை ஒருவரிடம் பெட்டியை இரவல் வாங்கி இரண்டு நாள் தேவிகாபுரத்துக்குக் கொண்டு சென்றோம். முதல் தடை சுவரில் இருந்தது. அடுப்படியில் இருப்பவை மிக்சிக்கான சிறிய பிளக்குகள். இப்பெட்டி கேட்பது 16 ஆம்பியர். வீட்டில் அத்தகையது ஒன்றே ஒன்றுதான், பிரிட்ஜுக்காகப் போட்டது. அதுவும் தறிக்கூடத்தில்! தறியில் பாதி நெய்த முகூர்த்தச் சேலை. சொட்டு எண்ணெய்க் கறை பட்டால் கூலியில் பிடித்துவிடுவார்கள் என்பதால் பொரிக்கும் நாளில் அடுப்படிக் கதவைச் சாத்தி வைக்கும் வீடு அது. அண்ணியார் வெளுத்த வேட்டி ஒன்றால் தறியை மூடிவிட்டு, பெட்டிக்கும் தறிக்கும் இடையில் தாமே நின்றுகொண்டார்.

நிலக்கடலை மிக அருமையாக வறுபட்டது. கிழங்கும் நன்று. எண்ணெய் தடவிய மசால் வடை மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே சற்று வறண்டும் வந்தது. பஜ்ஜி முழுத் தோல்வி: மாவு துளைகளின் வழியே ஒழுகிப் பாத்திரத்தில் அடையாகக் கிடந்தது. அப்பளம் விசிறிக் காற்றில் எழுந்து மேற்கம்பியில் ஒட்டியது. அதிரசத்தை முயலவே அண்ணியார் இசையவில்லை, "பெரியவங்களுக்குப் படைக்கிறத அதுல வெக்காதீங்க தம்பி" என்றார். ஒரு தடவைக்கு ஆறு வடை, பதினைந்து நிமிடம். அன்று வீட்டில் ஏழு பேர். வாணலியில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அண்ணன் தம் பங்கு வடையை மென்று பார்த்து, "நல்லாத்தான் கீது" என்றார். அவர் முகம் அவ்வளவு நல்லதாகச் சொல்லவில்லை. ஆயினும் இரண்டையும் தின்றார், மறுநாள் மாலையும் கேட்டார்.

எனவே நம் பதிலை இவ்வாறு சொன்னோம். ஏழு பேருக்கும் திருவிழாவுக்கும் இது ஆகாது. எண்ணெய்ச் செலவுக்காக வாங்குவது வீண். அண்ணன் ஒருவருக்காக, அவருடைய இரண்டு வடைக்காக மட்டும் என்றால் வாங்கலாம், சிறியதாக. அடுப்படியில் தனிக் கம்பி இழுத்த பிறகு வாங்கலாம், தறிக்கூடத்தில் வேண்டாம்.

அண்ணியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, இரவல் பெட்டியின் கூடையைக் கையில் எடுத்து, துளைகளில் காய்ந்துபோயிருந்த பஜ்ஜி மாவை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இத தினம் யாரு தேய்க்கிறது?" என்றார்.

தறிக்குழியிலிருந்து அண்ணன் நிமிரவில்லை. நாடா இரண்டு முறை போய் வந்தது. "நான் தேய்க்கிறேன்" என்றார்.

பங்குனி உத்திரம் கழிந்து, தறியில் இருக்கும் சேலையை அறுத்ததும் மின்பணியாளரை வரச் சொல்லியிருக்கிறார்கள்.