கட்டளையும் கட்டணமும்

தமிழகக் கல்வி வரலாற்றில் 1794-ஆம் ஆண்டு இரு நிகழ்ச்சிகளால் நினைக்கத்தக்கது. அவ்வாண்டு கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். அதே ஆண்டு மார்ச் மாத இறுதியில், பெரும் செல்வரான பச்சையப்ப முதலியார் திருவையாற்றில் காலமானார். முன்னது ஒரு வணிக நிறுவனம் தன் தேவைக்கென நடத்திய கல்வி. பின்னது ஒரு தனிமனிதரின் பொருள், அவர் எண்ணியிராத வழியில் கல்வியாக மாறியதன் தொடக்கம். பணம் கல்விக்குள் புகும் வாயில்கள் இரண்டும் அந்த ஓராண்டிலேயே திறந்துகொண்டன எனலாம்.

கும்பினியாரின் பள்ளிக்கு ஊக்கமாக இருந்தவர் மைக்கேல் டாப்பிங் என்னும் வானியல் அறிஞர். நிலத்தை அளந்தாலன்றி வரி விதிக்க இயலாது; அளப்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஆள் வரவழைத்தால் சம்பளம் கட்டுப்படியாகாது. ஆகவே ஆதரவற்ற ஐரோப்பிய வழிச் சிறுவர்களைச் சேர்த்து, கணக்கும் வரைபடமும் கற்பித்து, மலிவான அளவையாளர்களாக ஆக்கினர். இப்பள்ளியே பின்னர்க் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. தொடங்கியவரின் நோக்கம் எதுவாயினும், கற்றவர்கள் கட்டிய பாலங்களும் அணைகளும் நாட்டுக்கே பயன்பட்டன என்பதையும் மறுப்பதற்கில்லை.

பச்சையப்பரின் செல்வமும் கும்பினியின் நிழலில் சேர்ந்ததே. வெள்ளை அதிகாரிகளின் துபாஷாக இருந்து அவர் பொருள் ஈட்டினார். தம் விருப்பமுறியில் கோயில்களுக்கும் அறப்பணிகளுக்கும் அதை எழுதிவைத்தார். வாரிசுகளின் வழக்கு நீதிமன்றத்தில் நெடுங்காலம் நீண்டது. வழக்கு நடக்க நடக்கப் பணம் வட்டியோடு பெருகியது, இஃதொரு வேடிக்கை. கோயில் அறங்களுக்குப் போக மிஞ்சிய தொகையைக் கல்விக்குத் திருப்பலாம் என்று அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயன்றதன் விளைவாக 1842-இல் சென்னையில் பச்சையப்பர் பள்ளி திறக்கப்பெற்றது. அரசின் கொடையுமின்றி, சமயப் பரப்பலின் நோக்கமுமின்றி, இந்நாட்டவர் ஒருவரின் பொருளால் நடந்த கல்விக்கூடம் அது. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பிள்ளையான அண்ணா அங்கேதான் பட்டம் பெற்றார். ஆயினும் 1947 வரை இந்துக்கள் அல்லாதார்க்கு அக்கல்லூரியின் கதவு திறக்கவில்லை. கொடையும் தன் எல்லைக்கோட்டைத் தானே கீறிக்கொள்ளும்.

கும்பினிக்கு முன் இங்குக் கல்வியே இல்லை என்பது பொருந்தாக் கூற்று. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பின் முடிவில், 1826-ஆம் ஆண்டுக் குறிப்பில், சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகப் பதிவு செய்தார். அவற்றில் பெண்மக்கள் மிகச் சிலரே பயின்றனர்; சேரிப் பிள்ளைகளுக்கு இடமே அரிதாக இருந்தது. எனவே அதைப் பொற்காலமாகப் பாடுவதும் தவறு. ஆனால் அந்தக் கணக்கெடுப்புக்காகப் பல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கை கருதிப் படிக்கத்தக்கது. பள்ளிகள் மெலிவதற்கு மக்களின் வறுமையே காரணம் என்றும், ஐரோப்பியத் துணி வந்து உள்ளூர் நெசவை அழித்தது அவ்வறுமைக்கு ஒரு காரணம் என்றும் கும்பினியின் ஊழியரே எழுதினார். பாடநூலைத் தொடாமலே ஒரு வணிக நிறுவனம் பள்ளியை மூடிவிட முடியும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று தேவையில்லை.

1854-ஆம் ஆண்டு உட் அறிக்கைக்குப்பின் அரசு மானியம் வந்தது. சமய நிறுவனங்களும் வள்ளல்களும் கல்லூரி நடத்தினர். 1837-இல் பள்ளியாகத் தோன்றிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, சரியாக நூறாண்டு கழித்து, நகர நெருக்கடியை விட்டுத் தாம்பரத்துக் காட்டுப்பகுதிக்குக் குடிபெயர்ந்தது. தென்புறநகரின் கல்விக் கதை அங்கிருந்து விரைவு கொள்கிறது.

கட்டளை என்னும் சொல் ஆணையையும் குறிக்கும். கோயிலிலும் மடத்திலும் குறிப்பிட்டதோர் அறத்துக்கென எழுதிவைத்த கொடையையும் குறிக்கும். கீழ்க்கட்டளையின் ஊர்ப்பெயர் ஆராய்ச்சி ஈண்டு வேண்டுவதன்று. எனினும் அப்பெயரைத் தாங்கிய ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள குரோம்பேட்டையில், அச்சொல்லின் இரண்டாம் பொருளுக்கு இலக்கணமான ஒன்று 1949-இல் நிகழ்ந்தது. குரோம் முறையில் தோல் பதனிடும் ஆலையால் பெயர் பெற்ற அந்த ஊரில், தொழிலதிபர் சி. ராஜம், தாம் வாழ்ந்த ‘இந்தியா ஹவுஸ்’ மாளிகையை விற்ற பணத்தைக் கொண்டு மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கினார். வானூர்திப் பொறியியல், தானியங்கி ஊர்திப் பொறியியல், மின்னணுவியல், கருவியியல் என நாட்டில் பெரும்பாலும் கற்பிக்கப்படாதிருந்த துறைகளை அவர் தேர்ந்தார். சந்தையில் அன்று அவற்றுக்கு விலை இல்லை. விடுதலை பெற்ற நாட்டுக்கு அவை வேண்டியிருக்கும் என்ற கணிப்பு ஒன்றே முதலாக இருந்தது.

அவ்வளவு பெரிய கொடை நின்ற இடத்திலும் கட்டணம் இல்லாமலில்லை. 1950-களின் நடுவில் இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாமுக்கு அங்கே இடம் கிடைத்தபோது, சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தந்தையால் இயலவில்லை. தமக்கை சோஹரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியைச் சேர்த்தார். எழுத்தாளர் சுஜாதாவும் அந்நிறுவனத்தில் மின்னணுவியல் பயின்றவரே. ஒரு மாளிகையும் ஒரு பெண்ணின் வளையல்களும் சேர்ந்து ஒரு குடியரசுத் தலைவரை ஆக்கின என்பர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அடகு வைக்க வளையல் இல்லாத தமக்கையரின் தம்பியர் எவ்வூரில் என்ன ஆனார்கள் என்பது எந்த நூலிலும் ஏறவில்லை.

1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் அமைந்தபோது கும்பினியாரின் கிண்டிக் கல்லூரியும், அழகப்பச் செட்டியார் பெயர் தாங்கிய தொழில்நுட்பக் கல்லூரியும், ராஜத்தின் நிறுவனமும் ஒரே கூரையின்கீழ் வந்தன. ஆறாண்டு கழித்து வேறொரு காலம் பிறந்தது.

1984-ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு இசைவளித்தது. அன்று தமிழகத்துப் பொறியியல் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணத்தக்கன. இடம் கிடைக்காதவர் கர்நாடகத்துக்குப் பணப்பெட்டியோடு சென்றுகொண்டிருந்தனர். அரசிடமோ புதுக் கல்லூரிகளுக்கு நிதி இல்லை. இந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. தென்புறநகர் உடனே முந்திக்கொண்டது. சேலையூரிலும் வண்டலூரிலும் 1984-லேயே கல்லூரிகள் தோன்றின. காட்டாங்கொளத்தூரில் அடுத்த ஆண்டு. தாம்பரத்து ஏற்றுமதி மண்டலமும் 1984-இல் அமைந்ததே. தொழிற்சாலைக்கும் கல்லூரிக்கும் ஒரே பஞ்சாங்கத்தில் நாள் பார்த்ததுபோல் இருந்தது.

சட்டப்படி இவற்றை நடத்துவன அறக்கட்டளைகளும் சங்கங்களுமே. இலாபம் கூடாது, கல்விக்காக மட்டுமே இயங்கினால் வருமான வரி விலக்கும் உண்டு. ஆனால் ‘நன்கொடை’ என்ற பழஞ்சொல் அக்காலத்தில் பொருள் மாறியது. கொடுப்பவர் உவந்து தருவது என்பது போய், சேர்க்கைக்கு முன் எண்ணி வைப்பது என்றாயிற்று. இவ்வழக்கம் பரவியிருந்ததற்குத் தனிச்சான்று தேட வேண்டா. அதைத் தடைசெய்ய 1992-இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே இயற்றவேண்டி வந்தது. அதே ஆண்டு மோகினி ஜெயின் வழக்கில் தலைக்கட்டணம் அரசமைப்புக்கு முரண் என்றது உச்ச நீதிமன்றம். 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் இடங்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை இலவச இடம் என்றும் மறுபாதியைக் கட்டண இடம் என்றும் வகுத்தது. 2002-இல் பதினொரு நீதிபதிகள் அமர்ந்த டி.எம்.ஏ. பாய் வழக்கில் அந்த ஏற்பாடு விழுந்தது. கல்வி நிறுவனம் நடத்துவது ஒரு தொழில். நியாயமான உபரி பெறலாம். கொள்ளை இலாபம் ஆகாது என்பது தீர்ப்பு. உபரிக்கும் கொள்ளைக்கும் இடையிலுள்ள கோடு எங்கே என்பதைக் காணவே பின்னர்க் கட்டணக் குழுக்கள் ஆண்டுதோறும் அமர்ந்தன.

2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தபின் பாடத்தைத் தேர்வது யார் என்ற கேள்வியும் மாறிவிட்டது. மென்பொருள் நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து ஆளெடுத்தன. எந்தத் துறைக்கு அவை வருமோ அந்தத் துறை நிரம்பியது. அவை தயங்கிய ஆண்டுகளில் வகுப்புகள் வெறிச்சோடின. அளவையாளரைத் தேடிய கும்பினியின் விருப்பம்தான் இங்கும் உழைக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு: அன்று பயிற்சிச் செலவைக் கும்பினி ஏற்றது, இன்று பெற்றோர் ஏற்கின்றனர். 2001-இல் வங்கிகள் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வளையலின் இடத்தைப் பிடித்தது.

ஏரியும் வயலுமாக இருந்த கீழ்க்கட்டளை இம்மாற்றத்தின் வழியில் அமைந்த ஊர். பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் செல்லும் இருநூறடிச் சாலை அதை ஊடறுத்து, மென்பொருள் நெடுஞ்சாலையோடு இணைத்தது. பள்ளிக்கரணைச் சதுப்பை நோக்கி நீர் அனுப்பிய ஏரியைச் சுற்றி வீடுகள் எழுந்தன; விடியலில் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாகச் செல்லலாயின. அவற்றில் ஏறிய பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் சென்றோர். சுயநிதிக் கல்லூரிகளை வெறுமே பழிப்போர் இதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அத்தகைய முதல் பட்டதாரிகளுக்கு 2010 முதல் ஆண்டுக்கு 20,000 ரூபாய்க் கட்டணச் சலுகையை அரசு ஏற்றது. 2021 முதல் அரசுப் பள்ளியில் பயின்றோர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கி, அவர்களின் கட்டணத்தையும் ஏற்றது. இவற்றால் ஏழைப் பிள்ளை கல்லூரி வாயிலைக் கடந்தான். கூடவே அரசின் பணம் தனியார் கல்லூரிகளுக்குச் செல்லும் பாதையும் அகன்றது. 1929-இல் ஒரு கொடைவள்ளலின் பெயரில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதையோ நேர்மாறு. நிதி நெருக்கடியில் சிக்கிய அதனை 2013-இல் அரசே தனிச்சட்டம் இயற்றி ஏற்றுக்கொண்டது.

ஐந்நூற்றைத் தாண்டிய பொறியியல் கல்லூரிகளில் சில மாணவரின்றி மூடின. கலந்தாய்வில் ஆண்டுதோறும் பல்லாயிரம் இடங்கள் கேட்பாரற்று எஞ்சுகின்றன. முதல் சுற்றிலேயே நிரம்பிவிடும் இடங்களுள், ஒரு மாளிகையின் விலையில் எழுந்த குரோம்பேட்டை வளாகத்தின் இடங்களும் அடங்கும்.